பதினாறுக்குக் கீழே

வேகம் பார்க்கிற கருவி
நாவலப்பிட்டியில் இருந்து
இந்திக்க சேரின் மோட்டார் சைக்கிளில்,
அவருடைய மழைக்கோட்டுக்குள் வந்தது.
சனிக்கிழமை மட்டும்தான் எங்களுக்கு.
ஞாயிறு விடியத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
பற்றரி எங்கள் செலவு.

எனக்கு விரல் முறிந்து ஏழு கிழமை.
அதனால் பந்து பிடிக்கிற வேலை சிந்துவுக்கு,
ரேடார் எனக்கு.
சலூனில் தலை காயவைக்கிற மெசின் மாதிரி இருந்தது.
நீட்டினதும் ரொமேஷ்காந்த்
இரண்டு கையையும் தூக்கினான்:
"சுடாதீங்க, லைசன் வீட்டில இருக்கு."

முதலில் நிரோஜினி.
எட்டாம் வகுப்பில் கல்லெறிந்து
மடுவத்துத் தகரத்தில் ஓட்டை போட்டவள்.
நூறு வரும் என்று
அவளைத் தவிர எல்லாரும் சொல்லியிருந்தோம்.
காலைத் தூக்கினாள்,
தோள் திரும்பியது,
சிந்துவின் கையுறை "டப்" என்றது.
ஐம்பத்தொன்று.

மறுபடி. ஐம்பது.
மறுபடி. ஐம்பத்தொன்று.

மஸ்கெலியாத் தண்ணீர்ப் பக்கமிருந்து
காற்று ஏறி வந்து போனது.
நிரோ கருவியைப் பார்க்கவில்லை.
தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்த நாளில்
அவள் அம்மா பார்க்கிற மாதிரி.

சேர் வந்தார்.
பக்கத்தில் இருந்த சின்னப் பொத்தானை
நகத்தால் தள்ளினார்.
"மைலில் இருந்திருக்கு."
எண்பத்திரண்டு.

அதே கை, அதே பந்து.
"அப்ப நான் இவ்வளவு நேரம் அழுதது
மைலிலயா கிலோமீற்றரிலயா சேர்?"

அதற்குப் பிறகு நான் நின்ற இடமும் பிழை என்றார்.
பைப்படியில், பக்கவாட்டில் நிற்கிறேனாம்.
சரிந்து நின்று பார்த்தால்
குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது,
பந்து வருகிற கோட்டுக்கு நேரே போ.
நேரே என்றால் சிந்துவுக்குப் பின்னால்.
அங்கே வலை கிடையாது, தேயிலைதான்.
மிலாறு காலைக் கிழிக்க
இடுப்பளவுக்கு இறங்கி நின்றேன்.

எண்பத்தொன்பது.

மடுவத்தில் நிறுக்கிறவர்
எந்தப் பக்கம் நிற்கிறார் என்று
அந்த நேரம் எனக்கு ஏன் யோசனை வந்ததோ.

அடுத்தது சிந்துவையும் தாண்டி,
என் காதையும் தாண்டி,
ஏழாம் நம்பர் மலைக்குள் போய் விழுந்தது.
தொண்ணூற்றொன்று.
பார்த்தது நான் மட்டும்.
எழுதும்போது நிரோ கொப்பியை எட்டிப் பார்த்து
"சும்மா போடாத" என்றாள்.
சும்மா போடவில்லை.
நான்கு பேர் தேடியும் பந்து கிடைக்கவில்லை.

மாலை நிறுவையில் கிடைத்தது.
புஸ்பராணி அக்கா எங்களுக்குத் தரத்தான்
சாக்கில் போட்டு வைத்திருந்தாள்.
சாக்குக்கு, ஈரத்துக்கு என்று
வழக்கமான இரண்டு கிலோவோடு
பந்துக்கும் ஒன்று கழித்தார்கள்.
நூற்று நாற்பத்தைந்து கிராம் பந்து.
கையில் வைத்துக் காட்டினோம்.
கணக்கப்பிள்ளை பேனையை மூடிவிட்டார்.

இருட்டுமுன் கருவியில் கொஞ்சம் உயிர் இருந்தது.
கண்டதையெல்லாம் சுட்டோம்.
நோர்வூட் பஸ் வளைவில்: முப்பத்து நான்கு.
ரொமேஷ்காந்தை நாய் துரத்தியது: பத்தொன்பது,
அது அவனா நாயா தெரியாது.

அம்மா குறுக்குப் பாதையில் ஏறி வந்தாள்,
நெற்றியில் கயிறு, முதுகில் கூடை.
நேரே நின்றேன். கோணம் பிழையில்லை.
அழுத்தினேன்.
இரண்டு கோடு மட்டும் விழுந்தது.
இன்னொரு தடவை. இரண்டு கோடு.

"பதினாறுக்குக் கீழே
இதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் சேர்,
மழைக்கோட்டை விரித்தபடி.

அம்மா கிட்ட வந்து
"என்னடி புடிச்சிக்கிட்டு நிக்கிற?" என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

கொடுக்குமுன் மூடியைத் திறந்து
பற்றரி நான்கையும் கழற்றி எடுத்துக்கொண்டேன்.
அது எங்கள் காசு.